வாசகர் கேள்வி பதில்: பழைய சைக்கிளும் பிரேம் நம்பரும்

கேள்வி: இணையத்தில் விளம்பரம் பார்த்து ஒரு கியர் சைக்கிள் வாங்கலாம் என்றிருக்கிறேன். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லையாம். புது விலையில் கால்வாசிக்குத் தருகிறார். திருட்டு வண்டியா என்று நேரில் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: உறுதியாகத் தெரியாது. ஆனால் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அளவுக்குத் தெரியும். முதல் சந்தேகம் அந்த விலைதான். அளவு சேராமல் விற்கிறவரும் வீடு மாறுகிறவரும் சந்தை விலையை ஒட்டித்தான் கேட்பார்கள். முதல் போடாதவருக்குத்தான் அடிமாட்டு விலை கட்டுப்படியாகும்.

விளம்பரத்தில் உள்ள படத்தைப் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் விளம்பரப் படமாகவோ வேறொருவர் பதிவிட்ட படமாகவோ இருந்தால் அதோடு விட்டுவிடலாம். அவருடைய மற்ற விளம்பரங்களையும் பாருங்கள். வீட்டில் சும்மா கிடந்த சைக்கிள் என்பவரிடம் வெவ்வேறு உயரக்காரர்களுக்கான நான்கு சைக்கிள் விற்பனைக்கு இருந்தால் அது வீட்டுச் சைக்கிள் அல்ல.

பிறகு பிரேம் நம்பரை, அதாவது சைக்கிளின் சட்டத்தில் அடித்திருக்கும் அடையாள எண்ணை, படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய துண்டுக் காகிதத்தோடு. இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். நம்பரை வைத்துக்கொண்டு ‘இது என் சைக்கிள்’ என்று யாராவது சொந்தம் கொண்டாடுவார்களோ என்ற பயத்தில் நேர்மையானவர்களும் சிலசமயம் தயங்குவார்கள். ‘நேரில் வாங்க, காட்டுகிறேன்’ என்றால் போகலாம். ‘நம்பரெல்லாம் எதுக்கு?’ என்று மழுப்பினால் போகவேண்டாம்.

பேச்சுக் கொடுக்கும்போது பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். ‘டயர் மாற்றியாச்சா?’ என்பதைவிட ‘வாங்கினதுக்கு அப்புறம் என்னென்ன மாற்றினீங்க?’ என்பது மேல். பிரேம் என்ன அளவு, எந்தக் கியர் சரியாக விழாது, எந்த பிரேக் கீச்சிடும் என்பதெல்லாம் ஓட்டியவருக்கு யோசிக்காமல் வரும்.

கேள்வி: பிரேம் நம்பர் எங்கே இருக்கும்? எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். இரண்டு பெடல்களுக்கும் நடுவே அச்சு ஓடும் குழாயின் அடிப்பகுதியில்தான் பெரும்பாலும் அடித்திருப்பார்கள். அங்கே இல்லையென்றால் ஹேண்டில்பார் தண்டு இறங்கும் முன்குழாய், சீட் குழாயின் கீழ்ப்பகுதி, பின்சக்கர அச்சு உட்காரும் பிளவுக்குப் பக்கம் என்று தேடுங்கள். சில சைக்கிள்களில் கியர் கேபிளைத் தாங்கும் பிளாஸ்டிக் துண்டு நம்பரின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு திருகைக் கழற்றினால் வந்துவிடும். கார்பன் பிரேமில் உலோகத்தில் அடிப்பதுபோல் ஆழமாக அடிக்க முடியாததால், மேல்பூச்சுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கராகவோ சிறு தகடாகவோ இருக்கும்.

சேறும் கிரீஸும் போகத் துடைத்துவிட்டு, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். மேலிருந்து அடித்தால் தெரியாத எழுத்துகள் நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும். அப்படியும் தெரியவில்லையா? மெல்லிய காகிதத்தை வைத்து மேலே பென்சிலால் தேய்த்து எடுங்கள். 0-வும் ஓ எழுத்தும், 1-ம் ஐ எழுத்தும், 8-ம் பி எழுத்தும், 5-ம் எஸ் எழுத்தும் ஒன்றுபோல் தெரியும். தேடும்போது இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கவேண்டும். 6061 என்றிருந்தால் அது அலுமினியக் கலவையின் பெயர், ஐ.எஸ்.ஓ. 4210 என்பது பாதுகாப்புத் தரம். இரண்டும் ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் இருக்கும். அவற்றை நம்பர் என்று குறித்துக்கொண்டு ‘தேடினேன், ஒன்றும் இல்லை’ என்று நிம்மதியடைவது அடிக்கடி நடக்கிற தப்பு.

இனித் தேடல். பைக் இண்டெக்ஸ் போன்ற பதிவுத் தளங்களில் யார் வேண்டுமானாலும் இலவசமாக நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். பிரிட்டனில் பைக்ரெஜிஸ்டர் இருக்கிறது. உங்கள் பகுதியில் காவல்துறையே பட்டியல் வைத்திருந்தால் அதையும் பாருங்கள். திருடு போனதாகப் பட்டியலில் இருந்தால் வாங்கக்கூடாது. இல்லாவிட்டால் சுத்தமான வண்டி என்று அர்த்தமில்லை. நேற்று ராத்திரி காணாமல் போனது இன்னும் பட்டியலில் ஏறியிருக்காது. சைக்கிளைப் பறிகொடுத்த பலர் தங்கள் நம்பரையே குறித்து வைத்திருப்பதில்லை. ஒரே நம்பர் இரண்டு நிறுவனங்களின் சைக்கிள்களில் இருக்கவும் கூடும் என்பதால் நிறுவனம், மாடல், நிறம் மூன்றையும் சேர்த்துப் பொருத்துங்கள்.

கேள்வி: நம்பர் இருக்கும் இடம் வழவழவென்று இருக்கிறது. பவுடர் கோட்டிங் அடித்ததில் மூடிப்போய்விட்டது என்கிறார். நம்பலாமா?

பதில்: நடக்கக்கூடியதுதான். நம்பர் ஆழமில்லாமல் அடிக்கப்பட்டிருந்தால் கெட்டியான பூச்சு அதை நிரப்பிவிடும். ஆனால் ஒழுங்காகப் பூச்சு அடிக்கக் கொடுப்பவர் பாகங்களையெல்லாம் கழற்றிவிட்டு வெறும் பிரேமைத்தான் கொடுப்பார். கேபிள் உறையிலும் போல்ட் தலையிலும் செயினிலும் பெயின்ட் சிதறியிருந்தால் அது கடையில் செய்த வேலை அல்ல, ஸ்பிரே டப்பாவால் அவசரத்தில் அடித்தது. அரம் போட்ட இடத்தை விரலால் தடவினால் குழாயின் வளைவு அங்கே மட்டும் தட்டையாகியிருக்கும். மக்கு வைத்து நிரப்பியிருந்தால், இரும்பு பிரேமில் சிறு காந்தம் அந்த இடத்தில் மட்டும் சரியாக ஒட்டாது. அலுமினியத்துக்கு இந்தச் சோதனை உதவாது.

எப்படி அழிந்திருந்தாலும் எங்கள் பதில் ஒன்றுதான்: வாங்காதீர்கள். அவர் சொல்வது நிஜமாகவே இருந்தாலும், நாளைக்கு உங்களிடம் யாராவது கேட்டால் காட்ட எதுவும் இருக்காது. நம்பர் அடிக்கும்போது அடியிலுள்ள உலோகமும் அழுந்துவதால், அரத்தால் தேய்த்த பிறகும் தடயவியல் ஆய்வில் அமிலம் வைத்து அதைப் படித்துவிட வாய்ப்பு உண்டு. அப்போது சைக்கிள் உங்கள் வீட்டில் இருக்கும்.

கேள்வி: பில் காட்டுகிறார். அது போதாதா?

பதில்: போதாது. நிறையப் பில்களில் மாடல் பெயர் மட்டுமே இருக்கும், பிரேம் நம்பர் இருக்காது. கடையின் தொலைபேசி எண்ணைப் பில்லிலிருந்து எடுக்காமல் நீங்களே தனியாகத் தேடி எடுத்து, பில் எண்ணையும் தேதியையும் சொல்லிக் கேளுங்கள். பில்லில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டும். பில் தொலைந்துவிட்டது என்றால் அதுவே குற்றமில்லை. சைக்கிளோடு எடுத்த பழைய படங்கள் அவருடைய கைப்பேசியில் இருக்குமே, அவற்றைக் காட்டச் சொல்லுங்கள்.

சந்திப்பது அவர் வீட்டு வாசலில் என்றால் உத்தமம். பணத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். கணக்கில் உள்ள பெயரும் அதே பெயராக இருக்கட்டும். ஒரு தாளில் இரு தரப்புப் பெயர், முகவரி, நிறுவனம், மாடல், நிறம், பிரேம் நம்பர், தொகை, தேதி எழுதி, ‘இது என் சொந்தச் சைக்கிள், விற்க எனக்கு உரிமை உண்டு’ என்ற வரியும் சேர்த்து இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். இதற்குச் சம்மதிக்காமல் ‘இன்னொருத்தர் வந்துகொண்டிருக்கிறார், உடனே பணத்தைக் கொடுங்கள்’ என்று அவசரப்படுத்தினால், அந்த இன்னொருத்தரே வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: மின்சார சைக்கிளுக்கும் இதே சோதனைகள்தானா?

பதில்: கூடவே சாவியும் சார்ஜரும். பேட்டரிப் பூட்டுக்கு வழக்கமாக இரண்டு சாவி தருவார்கள். ஒரு சாவிகூட இல்லை, சார்ஜரும் இல்லை என்றால் வழியில் நிறுத்தியிருந்ததைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கலாம். பூட்டைச் சுற்றி நெம்பிய தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் தனித்தனி நம்பர் உண்டு, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். செயலியோடு இணையும் வண்டியென்றால், விற்பவர் உங்கள் கண்ணெதிரே தன் கணக்கிலிருந்து அதை நீக்கிக் காட்டவேண்டும். கணக்கைத் திறக்கவே முடியாதவரிடம் வாங்கினால், டிஜிட்டல் பூட்டு விழுந்த மோட்டாரை மிதித்துக்கொண்டுதான் வீடு வரவேண்டியிருக்கும்.

கேள்வி: போன மாதம் வாங்கிவிட்டேன். இப்போது தேடினால் திருட்டுப் பட்டியலில் அதே நம்பர் இருக்கிறது. விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. கொடுத்தால் சைக்கிள் இன்னொருவர் தலையில் கட்டப்படும், விற்றவரும் கம்பி நீட்டிவிடுவார். தெரிந்த பிறகு வேறு யாருக்காவது விற்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். நீங்கள் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும், திருட்டுப் பொருளின் உரிமை பொதுவாகப் பழைய சொந்தக்காரரிடமே இருக்கும். ஆகவே சைக்கிளை இழக்க மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, அவரோடு நடந்த உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, கையெழுத்திட்ட தாள் எல்லாவற்றையும் அவருக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்வதற்கு முன்பே சேமித்துவிடுங்கள். சொன்னால் விளம்பரம் மறைந்துவிடும். பிறகு காவல் நிலையத்துக்குப் போய் நீங்களாகவே தெரிவித்து, ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். கொடுத்த பணத்தை விற்றவரிடமிருந்து திரும்பப் பெற வழக்குத் தொடுக்கும்போது கேட்கப்படும் முதல் காகிதம் அதுதான்.