ஜப்பானிய மொழியை கீபோர்டுல எப்படி டைப் பண்றாங்க?
ஐஎம்இ-ன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, நாம தட்டுற உச்சரிப்பை எழுத்தா மாத்தித் தர்றது அதுதான். ஜப்பான் அரசோட பொதுப் பயன்பாட்டு லிஸ்ட்ல இருக்கிற கான்ஜி, அதாவது அர்த்தத்தைக் குறிக்கிற சீன வழி எழுத்து மட்டுமே 2136, அத்தனைக்கும் தனித்தனி கீ வைக்க முடியாதுல்ல, அதனால சத்தத்தை வச்சே அடிக்கிறாங்க. நாம போன்ல இங்கிலீஷ் எழுத்துல தட்டினா தமிழ் வர்ற மாதிரிதான், ஆனா அங்க இன்னொரு படி இருக்கு. எச்-ஏ-எஸ்-எச்-ஐ தட்டினா "ஹஷி"ன்னு ஹிரகானாங்கிற ஒலி எழுத்துல அடிக்கோட்டோட வரும், ஸ்பேஸ் தட்டினா பாலம், சாப்பிடுற குச்சி, ஓரம்னு ஒவ்வொரு அர்த்தத்துக்கும் வேற வேற கான்ஜி வரும், வேண்டியதை எடுத்து என்டர் அடிக்கணும். அழகான ஏற்பாடு! 1978லயே தோஷிபா இந்த மாதிரி மாத்தித் தர்ற வேர்ட் பிராசஸரை அறிவிச்சுட்டாங்க. ஜப்பான் கீபோர்டுல ஆயிரக்கணக்கா கீ இருக்கும்னு பலர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, நம்ம கீபோர்டை விட நாலஞ்சு கீதான் கூட.