ஆர்பிஜி கேரக்டருக்குப் பின்கதை எவ்வளவு வேணும்? கேள்வி பதில்

(ஆர்பிஜின்னா ஒரு ஆளா மாறி ஆடற கேம். பின்கதைன்னா கேம் தொடங்கறதுக்கு முன்னாடி அந்த ஆளோட வாழ்க்கை.)

பொள்ளாச்சியிலிருந்து: ஏனுங்ணா, விட்சர் 3 கேம்ல கெரால்ட்ங்கற ஆளாத்தான் ஆடியாகணும். ஸ்கைரிம்ல யாரா வேணும்னாலும் ஆடலாம். அப்ப ஸ்கைரிம்தானே நெசமான ஆர்பிஜி?

ரெண்டும் ஆர்பிஜிதானுங்க, சுதந்திரத்தை வெச்ச இடம் வேற. ஸ்கைரிம் (2011) கைதியா வண்டியில ஏத்திவிட்டு, பத்து இனத்துல ஒண்ணை எடுக்கச் சொல்லுது. அதுக்கு முன்னாடி நீங்க என்ன பண்ணீங்கன்னு கேம் கேக்கறதில்லை, அதனால அதை வெச்சு யாரும் உங்ககிட்டப் பேசவும் மாட்டாங்க. விட்சர் 3 (2015)-ல சிரிங்கற பொண்ணு உங்களுக்கு மக மாதிரி, அதை மாத்த முடியாது. ஆனா அவளை நம்பித் தனியா அனுப்பறதா, கூடவே போறதாங்கற மாதிரி சின்ன முடிவுகள்லதான் கடைசிக் கதையே திரும்புது.

ஈரோட்டிலிருந்து: ஃபால்அவுட் 4 ஆடறப்ப கேரக்டர் ஒட்டவே மாட்டேங்குதுங்க. ஏன்?

உங்க கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, தேடுங்கன்னு கதை விரட்டுது. பொறுமையா பழைய சாமான் பொறுக்கி ஊர் கட்டுங்கன்னு கேம் கூப்பிடுது. அவசரமான பின்கதையை நிதானமான கேம் மேல ஏத்திட்டாங்க. அதே ஃபால்அவுட் வரிசையில நியூ வேகாஸ் (2010)-ல நீங்க ஒரு கூரியர்; தலையில சுட்டுப் புதைச்சவனைத் தேடலாம், விட்டுடவும் செய்யலாம், ரெண்டும் அந்த ஆளுக்குப் பொருந்தும். ஆனா அதோட கூடுதல் பகுதியான லோன்சம் ரோடு (2011), நீங்க முன்னாடி கொண்டுபோன பொட்டலத்தாலதான் ஒரு ஊரே அழிஞ்சதுன்னு கடைசியில வந்து சொல்லுது. அதுக்குள்ள ஆடறவர் மனசுல ஒரு ஆள் உருவாகியிருப்பார். பின்கதை வேணும்னா முதல்லயே சொல்லிடணும்.

கோபியிலிருந்து: பல பின்கதையை ஒழுங்கா செஞ்ச கேம் எதுங்க?

டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் (2009). எடுக்கற ஆளைப் பொறுத்து ஆறு தொடக்கம். ஆர்சமர்ங்கற குள்ளர் நகரத்துல பெலனா, ஹாரோமாண்டா, யாரை அரசனாக்கறதுன்னு ஒரு தேர்வு வரும். வெளியாளுக்கு அது வெறும் அரசியல். குள்ளர் அரச குடும்பத்துல தொடங்கியிருந்தா, பெலன் உங்களைச் சிக்கவெச்ச சொந்தத் தம்பி. குள்ளர் சேரியில தொடங்கியிருந்தா, உங்க அக்கா ரிக்கா இப்ப பெலனோட இருக்கறாங்க. தேர்வு மாறல, அதோட கனம் மாறுது.

கரூரிலிருந்து: பால்டர்ஸ் கேட் 3-ல முதல் தடவை யாரை எடுக்கலாம்?

சொந்தமா உருவாக்கற கேரக்டரை. கேம்ல வர்ற கூட்டாளி ஆஸ்டேரியனாவே ஆடினா அவர் உங்ககிட்டப் பேசற காட்சியெல்லாம் போயிடும். கிளாஸ் (போர்வீரன், மந்திரவாதி மாதிரி தொழில்) பிடிக்கலைன்னா விதர்ஸ்ங்கற கேரக்டர்கிட்ட 100 பொன் குடுத்து மாத்திக்கலாம். இனமும் பின்னணியும் மாறாது, அதை மட்டும் யோசிச்சு எடுங்க.

சென்னிமலையிலிருந்து: நாங்க மூணு பேர் கோடோங்கற கேம் செய்யற மென்பொருள்ல ஒரு கேம் செய்யறோம்ணா. தறிக்காரர், மஞ்சள் வியாபாரி, மாட்டுத் தரகர்னு மூணு பின்கதை. எங்க தப்பு நடக்கும்?

முதல்ல கோடிங்ல. ‘தறிக்காரரா?’ன்னு அறுபது இடத்துல கேட்டு எழுதினா, நாலாவது பின்கதை சேக்கறப்ப அறுபதையும் திறக்கணும். ‘நூல் தெரியும்’, ‘சந்தை தெரியும்’, ‘கணக்கு எழுதுவார்’னு ஒவ்வொரு ஆளுக்கும் டேக் (அடையாளக் குறி) குடுத்து, காட்சியில டேகை மட்டும் பாருங்க. ‘சந்தை தெரியும்’ தரகருக்கும் வியாபாரிக்கும் பொது, ஒரே வேலை ரெண்டு பேருக்கு உதவும்.

அடுத்தது, குவெஸ்டை, அதாவது கேம்ல முடிக்க வேண்டிய ஒரு வேலையை, ஒரு பின்கதைக்கு மட்டும்னு பூட்டறது. அந்தியூர் ஆடிச் சந்தையில துண்டுக்கடியில விரலைப் புடிச்சு மாட்டுக்கு விலை பேசற காட்சின்னு வைங்க. தரகரா ஆடினா விரலும் தொகையும் திரையில தெரியட்டும். மத்தவங்களுக்குத் துண்டு மட்டும். அவங்க வித்தவரைத் தனியா புடிச்சு, டீ வாங்கிக் குடுத்து விலையைக் கறக்கட்டும். வழி வேற, போய்ச் சேர்ற இடம் ஒண்ணு.

சைபர்பங்க் 2077 (2020)-ல தொடக்கம் மூணு விதம். சீக்கிரமே ஒண்ணாகி, அப்புறம் பெரும்பாலும் பேச்சுல ஒரு வரியா சுருங்கிடுது. அப்படி ஆகாம இருக்க, ஒவ்வொரு பின்கதைக்கும் முதல் அரை மணிக்குள்ள ஒரு காட்சி, நடுவுல மூணு, முடிவுல ஒண்ணு ஒதுக்குங்க. மொத்தம் 15 காட்சி, மூணு பேரால முடியும்.

ரொம்ப முக்கியமானது எழுத்துங்க. ‘அப்பாவை வெறுக்கறார்’னு எழுதாதீங்க, ‘அப்பா தறியை அடமானம் வெச்சார்’னு எழுதுங்க. வெறுக்கறதா, மன்னிக்கறதான்னு ஆடறவர் சொல்லட்டும்.

அவரே மறுபடியும்: ஹீரோவுக்குக் குரல் வேணுங்களா?

வேண்டாங்க. மூணு பின்கதைக்கும் மூணு தடவை பதியணும், ஒரு வரி மாறினா திரும்ப மைக் முன்னாடி உக்காரணும். எழுத்தா இருந்தா கடைசி வாரம் வரைக்கும் திருத்தலாம். நம்ம பேச்சு காதுல விழணும்னா சந்தைக்காரங்களுக்குக் குரல் குடுங்க.