மார்கழிப் பனியா, விதைக் கோளாறா?

கேள்வி: ஆட்டுத் தீவனத்துக்காக அரை ஏக்கரில் அரைக் கிலோ கினியாப் புல் விதை தூவினேன். இருபது நாளாகியும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைப்பு. "மார்கழிப் பனி, தை கழியட்டும்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா? – வாசகர், தேவிபட்டினம்

பதில்: கொடைக்கானலில் இந்தப் பேச்சு எடுபடும். கினியா, கொழுக்கட்டைப் புல், தீவனச் சோளம் எல்லாம் வெப்பம் கேட்கும் புல்வகை. 15 டிகிரிக்குக் கீழே முளைப்பு இழுத்துக்கொண்டே போகும். முளைத்த நாற்றிலும் பச்சையம் ஊறாமல் இலை வெளுக்கும். வேர் மணிச்சத்தை எடுக்க முடியாமல் ஊதா தட்டும். குளிர்ந்த ஈரத்தில் கிடக்கும் விதை பூஞ்சணம் பிடித்து அழுகும். உங்கள் கரையிலோ தை மாதத்தில்கூட இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதனால் முளைப்பு சில நாள் தள்ளலாம், அவ்வளவுதான்.

ஆனாலும் அவசரப்படாதீர்கள். கினியா விதைக்கு ஆய்வகத்திலேயே 28 நாள் வரை பொறுக்கிறார்கள். சான்று பெற்ற கினியா விதைக்கே குறைந்தபட்ச முளைப்புத்திறன் 20 சதவீதம்தான், கொழுக்கட்டைக்கு 30. நெல் விதை வாங்கிப் பழகியவர்கள் ஏமாந்ததாக நினைப்பது இங்கேதான். "இப்போது அறுத்த புது விதை" என்று சொல்லி விற்றிருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது: இந்த இரண்டு புல்லுக்கும் அறுவடைக்குப் பின் சில மாதம் முளைக்காமல் கிடக்கும் விதை உறக்கம் உண்டு.

மீதி விதையில் 200 எண்ணி இரண்டு ஈரத்துணியில் பாதிப் பாதியாக வையுங்கள். ஒன்றுக்குக் குடிநீர், மற்றதுக்கு வயல் கிணற்று நீர். இரண்டிலும் முளைக்காவிட்டால் விதையில் கோளாறு. கிணற்று நீரில் மட்டும் முளைப்பு அடங்கிவிட்டால் நீரில் உப்பு. இரண்டிலும் முளைத்தால், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்தில் புதைந்திருக்கும், அல்லது மழைக்குப் பின் மேல்மண் இறுகியிருக்கும்.

குடிநீரில் முளைத்தது விதைப் பை அட்டையில் அச்சிட்ட சதவீதத்துக்கு வெகுவாகக் குறைந்தால் பில், அட்டையோடு பை, மீதி விதை மூன்றையும் விதை ஆய்வாளரிடம் கொண்டுபோங்கள். விதையை முழுக்கத் தூவிவிடாதீர்கள், பரிசோதனைக்கு மாதிரி வேண்டும். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. புகார் கொடுக்கக் காலக்கெடு 2 ஆண்டு.

கேள்வி: கம்பு நேப்பியர் விதை பாக்கெட் ஆன்லைனில் மலிவாக வருகிறதே, வாங்கலாமா? – வாசகர், மண்டபம்

பதில்: வேண்டாம். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்; முளைக்கும் விதை வைக்காது. பாக்கெட்டில் இருப்பது வேறு ஏதோ புல். இரண்டு கணு உள்ள கரணையாக (தண்டுத் துண்டாக) வாங்குங்கள்; 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 13,300 கரணை பிடிக்கும்.