கணினி கேள்வி பதில்: இருக்கும் மாட்யூலை இல்லை என்கிறதே பைத்தான்?

இம்மாதம் செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களில் பல, பைத்தான் நிரல்மொழியில் எழுதிய நிரல்களுக்குள் மாட்யூலை (வேறொரு கோப்பிலோ தொகுப்பிலோ உள்ள ஆயத்த நிரலை) கொண்டுவரும்போது எழும் இம்போர்ட் பிழை பற்றியவை. கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சிட வேண்டும்.

கேள்வி: கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஓடு மாற்றுவது, சுண்ணாம்பு பூசுவது, காவலாள் சம்பளம் ஆகிய செலவுகளை எக்செல் தாளில் எழுதிவைத்து, ஒவ்வொருவர் பங்கும் எவ்வளவு என்று கணக்கிட ஒரு பைத்தான் நிரல் எழுதினேன். எக்செல் தாளைப் படிக்கும் தொகுப்பைப் பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மூலம் நிறுவ, கமாண்ட் பிராம்ப்டில் 'பிப் இன்ஸ்டால் ஓபன்பைஎக்ஸ்எல்' என்று கொடுத்தால், அது ஏற்கெனவே இருக்கிறது என்று பதில் வருகிறது. நிரல் எழுதும் மென்பொருளான விஎஸ் கோடில் நிரலை ஓட்டினாலோ, 'நோ மாட்யூல் நேம்டு ஓபன்பைஎக்ஸ்எல்' என்று நின்றுவிடுகிறது. இரண்டில் எதை நம்புவது?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: இரண்டையும் நம்பலாம், ஏனெனில் இரண்டும் வெவ்வேறு பைத்தானைப் பற்றிப் பேசுகின்றன. பைத்தான் தளத்திலிருந்து ஒருமுறை, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஒருமுறை, அனகோண்டா என்ற பைத்தான் தொகுதியோடு சேர்ந்து ஒருமுறை என்று ஒரே கணினியில் பைத்தான் பலமுறை குடியேறிவிடுவது உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் நிறுவிய தொகுப்புகளை வைக்க 'சைட்-பேக்கேஜஸ்' என்ற தனிக் கோப்புறை இருக்கும். பெரிய வீட்டில் மணமான பிள்ளைகளை வேறு வைத்த பிறகு, வீடு ஒன்றாக இருந்தாலும் அவரவர் அடுப்பும் அவரவர் உக்கிராணமும் தனியாகிவிடுவதைப் போன்றதுதான் இது: பெரியவர் அறையில் இறக்கிய அரிசி மூட்டை இளையவர் உலைக்கு வந்து சேராது.

ஆகவே, எதையும் மீண்டும் நிறுவுவதற்கு முன், நிரலை ஓட்டுவது எந்தப் பைத்தான் என்று அதனிடமே கேளுங்கள். நிரலின் தொடக்கத்தில் 'இம்போர்ட் சிஸ்' என்றும், அடுத்த வரியில் 'பிரிண்ட்(சிஸ்.எக்ஸிகியூட்டபிள்)' என்றும் எழுதி, விஎஸ் கோடிலேயே ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானின் முழு முகவரி திரையில் வரும். பிறகு கமாண்ட் பிராம்ப்டில் 'பிப் --வெர்ஷன்' என்று கொடுத்தால், அந்தப் பிப் எந்தக் கோப்புறையைச் சேர்ந்தது என்பதும், வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் அதன் பைத்தான் பதிப்பும் தெரியும். முன்னது 'பைத்தான்312' என்ற கோப்புறையைக் காட்ட, பின்னது 'பைத்தான் 3.9' என்று முடிந்தால், நீங்கள் 3.9-இல் நிறுவிவிட்டு 3.12-இல் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதற்குத் தீர்வு, பிப்பைத் தனியாக அழைக்காமல், உங்களுக்கு வேண்டிய பைத்தானின் வழியாக அழைப்பது: 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் ஓபன்பைஎக்ஸ்எல்'. அங்கே 'பைத்தான்' என்ற சொல்லுக்குப் பதிலாக, முன்பு திரையில் வந்த முழு முகவரியையே இரட்டை மேற்கோளுக்குள் கொடுத்தால் குழப்பத்துக்கே இடமில்லை; பவர்ஷெல்லில் மட்டும் மேற்கோளுக்கு முன்னால் ஒரு '&' குறியும் ஓர் இடைவெளியும் இடவேண்டும். விஎஸ் கோடை மாற்றுவதுதான் வசதி என்றால், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (P) ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, 'பைத்தான்: செலக்ட் இன்டர்பிரெட்டர்' என்பதில் 3.9-ஐத் தேர்ந்தெடுக்கலாம். எனினும் பங்காளிகளின் கணக்கு பல ஆண்டுகள் ஓட வேண்டிய கணக்கு என்பதால், அந்த நிரலுக்கென்று 'பைத்தான் -எம் வென்வ்' கட்டளையால் ஒரு தனிச் சூழலை (தனக்கென்று தனித் தொகுப்புகள் கொண்ட கோப்புறையை) அமைத்துக்கொள்வதே என் பரிந்துரை. பைத்தான் 3.3 முதல் இந்த வசதி கூடவே வருகிறது. வேறொரு நிரலுக்காக நீங்கள் எதையாவது புதுப்பிக்கும்போது இந்த நிரல் உடையாமலும் இருக்கும்.

பங்காளிகளுக்கு வேர்டு கடிதம் தயாரிக்க 'டாக்எக்ஸ்' என்று நிறுவியதும் 'நோ மாட்யூல் நேம்டு எக்ஸப்ஷன்ஸ்' என்று வருவதாகப் பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். நிறுவும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்களுக்கு வேண்டியது 'பைத்தான்-டாக்எக்ஸ்' என்ற பெயரில் நிறுவி, 'டாக்எக்ஸ்' என்று இம்போர்ட் செய்யப்படுவது. நீங்கள் நிறுவியதோ, பைத்தான் 2 காலத்தில் எழுதப்பட்டு அப்படியே கிடக்கும் வேறொரு தொகுப்பு. அதை நீக்கிவிட்டுச் சரியானதை நிறுவுங்கள். இவ்வாறே, 'பில்லோ' என்று நிறுவி 'பிஐஎல்' என்றும், 'ஓபன்சிவி-பைத்தான்' என்று நிறுவி 'சிவி2' என்றும் இம்போர்ட் செய்ய வேண்டும். பெயரை ஊகித்து நிறுவும் பழக்கம் ஆபத்தானதும்கூட: புகழ்பெற்ற தொகுப்புகளின் பெயரில் ஓரெழுத்தை மாற்றித் தீய நிரல்களை ஏற்றிவைப்போர் இருக்கிறார்கள்.

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை ஒன்றின் கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன். பூ டிசைன், பார்டர், வெற்றுக்கல் என்று வகைவாரியாக இருப்பை எடுத்துக்காட்டும் என் நிரல் நேற்றுவரை ஓடியது. இன்று 'மாட்யூல் சிஎஸ்வி ஹேஸ் நோ ஆட்ரிபியூட் ரீடர்' என்கிறது. காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்புகளைப் படிக்கும் சிஎஸ்வி மாட்யூல் பைத்தானோடு வருவதுதானே?
— வாசகர், ஆத்தங்குடி

பதில்: நிரல் இருக்கும் கோப்புறையைத் திறந்து பாருங்கள். அங்கே 'சிஎஸ்வி.பிஒய்' என்ற பெயரில் நீங்களே ஒரு கோப்பைப் புதிதாகச் சேமித்திருப்பீர்கள். பைத்தான் மாட்யூலைத் தேடும் இடங்களின் பட்டியல் 'சிஸ்.பாத்' என்பதில் உள்ளது. அதன் முதல் இடம், ஓட்டப்படும் நிரல் இருக்கும் கோப்புறை. பைத்தானின் சொந்த நூலகம் அதற்குப் பின்புதான் வருகிறது. எனவே உங்கள் கோப்பு முந்திக்கொள்கிறது. அதில் 'ரீடர்' இல்லாததால் நிரல் நின்றுவிடுகிறது. 'ரேண்டம்', 'ஈமெயில்' போன்ற பெயர்களை வைத்தாலும் இதே கதிதான். ஆனால் 'சிஸ்' போன்ற சில மாட்யூல்கள் பைத்தானுக்குள்ளேயே கட்டப்பட்டிருப்பதால், அவற்றை எந்தக் கோப்பாலும் மறைக்க முடியாது.

கோப்பின் பெயரை 'இருப்புப்பட்டியல்' என்ற பொருளில் ஏதாவதொன்றாக மாற்றிவிட்டால் போதும். கூடவே, பைத்தான் தானே மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளும் 'பிஒய்சி' கோப்புகள் இருக்கும் '__பைகேஷ்__' கோப்புறையை அழிக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அது பைத்தான் 2-இல் மூலக்கோப்பின் பக்கத்திலேயே 'பிஒய்சி' கோப்பு கிடந்த காலத்து அறிவுரை; இன்று மூலக்கோப்பு போய்விட்டால், அந்தக் கோப்புறையில் மிஞ்சியிருப்பதைப் பைத்தான் எடுத்துக்கொள்வதில்லை. பைத்தான் 3.13-க்கு மாறியிருந்தால், உங்கள் கோப்பின் பெயரே நூலகத்தை மறைக்கிறது என்று பிழைச்செய்தியிலேயே எழுதிக் காட்டியிருக்கும்.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரித் திட்டப்பணிக்காக எழுதிய நிரல், புதிய மடிக்கணினியில் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' (நிரல்களைத் தொகுத்து நிறுவ உதவும் மாட்யூல்) இல்லை என்கிறது. அதைப் பிப்பிலும் காணோம்.
— மாணவி, காரைக்குடி

பதில்: 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12-இல் அது நூலகத்திலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. இப்போதைக்கு 'செட்டப்டூல்ஸ்' தொகுப்பை நிறுவினால் பழைய நிரல் பெரும்பாலும் ஓடும்.

கேள்வி: கண்டாங்கிச் சேலை வியாபாரத்துக்கான நிரலில் எல்லாப் பெயர்களையும் தமிழிலேயே வைத்திருக்கிறேன். 'இம்போர்ட் விற்பனை' வேலை செய்கிறது. 'இம்போர்ட் கொள்முதல்' மட்டும் அப்படியொரு மாட்யூல் இல்லை என்கிறது. இரண்டு கோப்புகளும் ஒரே கோப்புறையில்தான் இருக்கின்றன. எழுத்துப்பிழையும் இல்லை.
— வாசகர், தேவகோட்டை

பதில்: இப்பகுதிக்கு அதிகம் வராத, ஆனால் வரவேற்கத்தக்க கேள்வி. கண்ணுக்குத் தெரியும் எழுத்துப்பிழை இல்லைதான். சிக்கல் 'கொ' என்ற எழுத்துக்குள் இருக்கிறது. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தட்டச்சுப்பொறி முறையில் பழகியவர்கள் கொம்பையும் காலையும் தனித்தனியாகவே அடிப்பார்கள். அவற்றைச் சேர்த்துவைக்காத மென்பொருளாக இருந்தால், கோப்பின் பெயரில் அவை பிரிந்தே பதிவாகிவிடும். பைத்தானோ, நிரலுக்குள் வரும் பெயர்களை ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிக்கொண்டுதான் தேடுகிறது. அது சேர்ந்த 'கொ'வைத் தேட, வட்டில் இருப்பது பிரிந்த 'கொ'. 'விற்பனை'யில் அப்படிப் பிரியக்கூடிய குறி எதுவும் இல்லாததால் அது தப்பித்தது.

சோதித்துப் பார்ப்பது எளிது. கோப்புறையில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடும் 'ஓஎஸ்.லிஸ்ட்டிர்' தரும் பெயர் ஒவ்வொன்றின் நீளத்தையும் 'லென்' கொண்டு அச்சிடுங்கள். '.பிஒய்' (.py) என்ற பின்னொட்டோடு சேர்த்து, 'கொள்முதல்' கோப்பின் நீளம் 12 என்று வர வேண்டும்; உங்களுக்கு 13 வந்தால், கொம்பும் காலும் பிரிந்திருக்கின்றன. 'யூனிகோட்டேட்டா' மாட்யூலின் 'நார்மலைஸ்' செயற்கூறுக்கு 'என்எஃப்சி' (பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் வடிவம்) என்ற சொல்லையும் பழைய பெயரையும் கொடுத்துப் புதிய பெயரைப் பெற்று, 'ஓஎஸ்.ரீநேம்' மூலம் கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள். ஓகார, ஔகாரக் குறிகள் வரும் மற்றக் கோப்புகளையும் இதேபோல் பார்த்துவிடுவது நல்லது. நிரலுக்குள் மாறிகளின் பெயர்களை எப்படி அடித்திருந்தாலும் கவலையில்லை. அவற்றைப் பைத்தானே சீராக்கிக்கொள்ளும்.