முதல் தடவையா டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடப் போறேன். என் கேரக்டருக்கு எவ்வளவு பெரிய பேக்ஸ்டோரி எழுதணும்?

பதினோரு பக்கம் எழுதிட்டுப் போய் உக்காந்தவன் சொல்றேன், முன்கதைக்கு அரைப் பக்கம் போதும். அதுலயும் ஒரு வரியை முடிக்காம தொங்கல்ல விட்டுடுங்க.

உங்க கேள்வியைப் பார்த்தாலே தெரியுது, ஏற்கனவே நாலஞ்சு பக்கம் எழுதி வெச்சிருக்கீங்க, இது ரொம்ப ஓவரோன்னு ஒரு உதறல் வந்துதான் கேக்கறீங்க. அநேகமா உங்காளு அநாதை. ஊரே எரிஞ்சு போயிருக்கும், எரிச்சவன் யாருன்னு உங்களுக்கு மட்டும் தெரியும், இடுப்புல செத்துப்போன அப்பாவோட கத்தி இருக்கும். கோச்சுக்காதீங்க, நக்கல் பண்ணல. என்னோடதும் அதே கதைதான், கத்திக்குப் பதிலா மோதிரம், அவ்ளோதான் வித்தியாசம்.

இந்த கேம் பத்தித் தெரியாம யாராச்சும் உள்ள வந்திருந்தா ரெண்டு வரி. ஒருத்தர் டிஎம், அவர்தான் உலகத்தை, எதிரியை, மழையை எல்லாம் நடத்துவார், மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர், நான் இதைப் பண்றேன்னு வாயால சொல்லணும், நடந்துச்சா இல்லையான்னு டைஸ் சொல்லும். நான் ஆடினது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அஞ்சாவது எடிஷன், 2014ல வந்த ரூல்ஸ். 2024ல வந்த புது புக்ல ஸ்டாட் (கேரக்டரோட திறமைக்குப் போடற நம்பர்) போனஸ் எல்லாம் ரேஸ்ல (எந்த இனம்) இருந்து பேக்ரவுண்டுக்கு (முன்னாடி என்னவா இருந்தான்) மாறிடுச்சு, தெரியும், அதைச் சொல்றதுக்குன்னே கிளம்பி வராதீங்க.

என் முதல் கேரக்டர் பேரு ஏலாரியன். ஹை எல்ஃப் இனம், விசார்ட், அதாவது மந்திரவாதி, நாடிழந்த இளவரசன். மூணு ராத்திரி உக்காந்து எழுதினேன். ரெண்டு தலைமுறைக்குக் குடும்ப மரம், தொலைஞ்சு போன தம்பி, தம்பியோட குரல் கேக்கற மோதிரம், நாட்டைக் காட்டிக் கொடுத்த மந்திரி, அந்த மந்திரிக்கு ஏன் கோவம் வந்துச்சுன்னு தனியா ஒண்ணரைப் பக்கம். நாலாம் பக்கத்துல தம்பியைப் பார்க்கும்போது பேச வேண்டிய வசனம் கூட ரெடி. டிஎம்முக்கு ரெண்டு நாள் முன்னாடியே அனுப்பினேன். "படிச்சேன், நல்லாருக்கு"ன்னு பதில் வந்துச்சு. மந்திரி பத்தி என்ன நினைக்கறீங்கன்னு கேட்டேன். "எந்த மந்திரி"ன்னார்.

சரி ஸ்டாட்ஸ். இதுல ஆறு இருக்கு, ஸ்ட்ரெங்த் (பலம்), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), கான்ஸ்டிட்யூஷன் (உடம்பு தாங்கற சக்தி), இன்டெலிஜென்ஸ் (புத்தி), விஸ்டம் (விவேகம்), கரிஸ்மா (வசீகரம்). 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் முதல்ல போட்ட கேம்ல மூணு ஆறுமுக டைஸை உருட்டி விழுந்த வரிசைப்படியே எழுதிக்கணும், இன்டெலிஜென்ஸ்ல 5 விழுந்தா அதை வெச்சுத்தான் பொழைக்கணும். இப்ப அப்படி இல்ல. நாலு டைஸ் உருட்டி சின்னதைத் தூக்கிப் போட்டுட்டுக் கூட்டலாம், சராசரி 12க்குக் கொஞ்சம் மேல வரும், வந்த ஆறு நம்பரையும் எங்க வேணா வெச்சுக்கலாம். இல்ல 27 பாயின்ட்டை வெச்சு நம்பர்களை வாங்கிக்கலாம். இல்லன்னா ரெடிமேடா 15, 14, 13, 12, 10, 8ன்னு ஒரு செட். எங்க குரூப்ல அந்த செட்தான்.

இங்கதான் நான் கோட்டை விட்டேன். 15ஐ இன்டெலிஜென்ஸ்ல வெச்சேன், விசார்ட் ஆச்சே. 14ஐ கரிஸ்மால, இளவரசன் ஆச்சே. 13 டெக்ஸ்டெரிட்டி, 12 விஸ்டம், 10 ஸ்ட்ரெங்த். மிச்சம் இருந்த 8 போய் கான்ஸ்டிட்யூஷன்ல உக்காந்துச்சு, ஏன்னா என் கதையில ஏலாரியன் சின்ன வயசுலேர்ந்தே நோஞ்சான், பனிக்காலத்துல இருமுவான், அது ஒரு சோகமா அழகா இருக்கும்னு ஏழாம் பக்கத்துல எழுதியிருந்தேன். விசார்டுக்கு முதல் லெவல்ல ஹெச்பி, அதாவது எவ்வளவு அடி தாங்குவான்ங்கற உயிர்க் கணக்கு, 6, கூட கான்ஸ்டிட்யூஷன் மாடிஃபையர், அதாவது ஸ்டாட்டைப் பொறுத்துக் கூட்டவோ கழிக்கவோ செய்யற எண். 8க்கு மாடிஃபையர் மைனஸ் 1. ஆக மொத்தம் 5. பக்கத்துல உக்காந்திருந்தவர் கேரக்டர் விவரம் எழுதின என் ஷீட்டை எட்டிப் பார்த்துட்டு, "அஞ்சா?"ன்னு ஒரு தடவைதான் கேட்டார். அப்பவே மாத்தியிருக்கலாம். நான் இருமல் கதையைச் சொன்னேன்.

முதல் செஷன், நாப்பதாவது நிமிஷம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓகர்னு ஒரு ராட்சசன் நிக்குது. எல்லாரும் பதுங்கலாம், சுத்திப் போலாம்னு பேசிட்டு இருக்காங்க. நான்தான் முன்னால போனேன். நான் ராஜவம்சம், நோபிள் பேக்ரவுண்ட், பேசி மசிய வைக்கற பெர்சுவேஷன்ல பிளஸ் 4, நான் பேசிப் பார்க்கறேன்னு குலப்பெருமை எல்லாம் எடுத்து விட்டேன். டி20, அதான் இருபதுமுக டைஸ், உருட்டினேன், 3. நாலைக் கூட்டினா 7. ஓகருக்கு என் பரம்பரை புடிக்கல.

ஓகரோட தடியடி, ரெண்டு எட்டுமுக டைஸ் கூட 4. அதாவது அதால குறைஞ்சு அடிக்கக் கூடிய அடியே 6. என்கிட்ட இருந்தது 5. விழுந்தது 5, 7, கூட 4, ஆக 16. அடியில உங்க ஹெச்பி போக மிச்சம் இருக்கறது, உங்க முழு ஹெச்பி அளவுக்கோ அதுக்கு மேலயோ இருந்தா, பொழைக்கறதுக்கு டைஸ் உருட்டற டெத் சேவ் எல்லாம் கிடையாது, அங்கயே முடிஞ்சுது. மிச்சம் 11. என் முழு ஹெச்பி 5. டிஎம் ரூல் புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் பாவம், எங்கயாச்சும் ஓட்டை இருக்கான்னு. இல்ல. மோதிரம் பேசவே இல்ல. தம்பி எங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

மூஞ்சி செத்துப் போச்சு எனக்கு. ஒரு கேமுக்கு இவ்ளோ ஃபீலிங்கான்னு சிரிக்கறவங்க சிரிச்சுக்கோங்க. 1977ல மார்க் மில்லர் போட்ட டிராவலர்னு ஒரு கேம் இருக்கு, அதுல கேரக்டரை உருவாக்கிட்டு இருக்கும்போதே, பட்டாளத்துல எத்தனை வருஷம் இருந்தான்னு டைஸ் உருட்டும்போதே, ஆளு செத்துப் போகலாம், வேற ஷீட் எடுத்து முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இதைத்தான் அன்னிக்கு ஒருத்தர் எனக்கு ஆறுதலா சொன்னார். ஆறுதலா இல்ல.

அவங்க பாட்டுக்கு ஆடிட்டு இருக்க, மேஜை ஓரத்துல உக்காந்து இருபது நிமிஷத்துல அடுத்த கேரக்டர் போட்டேன். வெறுப்புல போட்டதுதான். ஹ்யூமன், ஃபைட்டர். ஸ்ட்ரெங்த் 15, கான்ஸ்டிட்யூஷன் 14, பட்டது போதும். அதே 8 திரும்ப மிச்சம் நிக்குது, எங்கயாச்சும் வெச்சாகணும், இந்த தடவை விஸ்டம்ல வெச்சேன். ஹ்யூமனுக்கு எல்லாத்துலயும் ஒண்ணு கூடும், அதுல 9 ஆச்சு, ஆனா மாடிஃபையர் அதே மைனஸ் 1தான். இந்த கேம்ல கண்ணு காது கவனிக்கற பெர்செப்ஷன் எல்லாம் விஸ்டம்ல இருந்துதான் வரும். அப்ப இவன் எதையும் கவனிக்க மாட்டான். எதையும் கவனிக்காதவனுக்கு என்ன வேலை கொடுத்தா வேடிக்கையா இருக்கும்? கோட்டை வாசல் காவல். பேரு தாழ்ப்பாள். கூட வேலை பார்த்தவங்க வெச்ச பட்டப்பேரு, நிஜப் பேரு யோசிக்க நேரம் இல்ல.

பேக்ஸ்டோரின்னு ஷீட்டுக்குப் பின்னாடி பென்சில்ல ரெண்டே வரி எழுதினேன். "ஒரு ராத்திரி யாரையோ உள்ள விட்டுட்டேன். விடிஞ்சதும் வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க, யாரை விட்டேன்னு யாரும் சொல்லல." அவ்ளோதான். யாருன்னு எனக்கே தெரியாது, சத்தியமா யோசிச்சு வெச்சதில்ல, சோம்பேறித்தனம்.

மூணாவது செஷன். எங்க குரூப்ல ஒரு பொண்ணு, ரோக், அதாவது திருட்டு வேலை தெரிஞ்ச கேரக்டர் ஆடுவாங்க, ரெண்டு செஷனா வாயே திறக்கல, அடிக்கறேன், ஒளியறேன், இவ்ளோதான் பேச்சு. ராத்திரி நெருப்பு பக்கத்துல உக்காந்திருக்கோம், கேம்லதான் சொல்றேன், தாழ்ப்பாள் வழக்கம் போல வேலை போன கதையைப் புலம்பறான். திடீர்னு அவங்க டைஸை உருட்டிக்கிட்டே, என்னை நிமிர்ந்து கூடப் பார்க்காம, "அன்னிக்கு உள்ள விட்டியே, அது நான்தான்"னாங்க.

ஒருத்தரும் மூச்சு விடல. டிஎம் தன் குறிப்பை மறைக்க வெச்சிருக்கற ஸ்கிரீனுக்குப் பின்னாடியிருந்து தலையை மெதுவா வெளிய நீட்டினார். அவருக்கும் இது தெரியாது. அவங்களே திரும்ப, "என் கையில ஒரு பெட்டி இருந்துச்சே, பார்த்தியா?"ன்னு கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, "உன் மூஞ்சியையே பார்க்கல"ன்னேன். ஷீட்ல அப்படித்தானே இருக்கு, விஸ்டம் 9. எல்லாரும் வெடிச்சு சிரிச்சாங்க, டிஎம் மட்டும் சிரிக்காம நோட்டுல வேகமா எழுதிட்டு இருந்தார். அடுத்த ஒண்ணரை வருஷம் நாங்க ஆடினது முழுக்க அந்தப் பெட்டிக்குள்ள இருந்ததைப் பத்தித்தான். தாழ்ப்பாளோட ஷீட்ல ஹெச்பி கட்டத்தை அழிச்சு அழிச்சு எழுதி பேப்பர் ஓட்டையாகி, பின்னாடி டேப் ஒட்டி வெச்சிருக்கேன். டேப் மேல பென்சில் எழுதாது, அதனால அந்த எடத்துக்கு மட்டும் மார்க்கர்.

இதைத்தான் முதல் வரியில சொன்னேன். ஏலாரியன் கதையில அடுத்தவங்க கை வைக்க எடமே இல்ல, எல்லாக் கதவையும் நானே பூட்டி சாவியையும் நானே வெச்சுக்கிட்டேன். ஃபேட் கோர்னு ஒரு கேம்ல இதை ரூலாவே வெச்சிருக்காங்க, உங்க கேரக்டரோட பழைய சாகசம் ஒண்ணை எழுதணும், அப்புறம் மத்தவங்க கதையில நீங்களும் உங்க கதையில அவங்களும் ஒரு ஓரமா நுழைஞ்சுக்கணும். டன்ஜன்ஸ்ல அப்படிக் கட்டாயம் இல்ல, ஆனா 2014 புக்ல பாண்ட் (யாரோட, எதோட பிணைப்பு), ஃப்ளா (என்ன குறை)ன்னு ரெண்டு கட்டம் இருக்கும், பாதிப் பேரு அதைக் காலியா விட்டுட்டு கத்திக்கு எத்தனை டேமேஜ்னு பார்க்கப் போயிடுவாங்க. அந்த ரெண்டையும் நிரப்புங்க, அதுல ஒண்ணாச்சும் மேஜையில இருக்கற இன்னொருத்தரைத் தொடட்டும். ஆட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து உக்காந்து கேரக்டர் போடற செஷன் ஜீரோ உங்க டிஎம் வெப்பாரான்னு கேளுங்க. வெப்பார்னா எழுதினதை வீட்லயே வெச்சுட்டு வெறுங்கையோட போங்க.

நீளமா எழுதறதே தப்புன்னு நான் சொல்லல. எழுதறதுல ஒரு சுகம் இருக்கு, எனக்கும் அந்த மூணு ராத்திரி நல்லாத்தான் போச்சு. எழுதுங்க, டிஎம்முக்கு மட்டும் அரைப் பக்கம் குடுங்க. அப்புறம் தனி ஆளு, யாரையும் நம்ப மாட்டான், மூலையில உக்காந்து குடிப்பான், இந்த டைப் மட்டும் வேண்டாம். நாலு பேரு வந்து உங்களைக் கெஞ்சிக் கூப்புடறதுலயே ஒரு செஷன் போயிடும். கேட்டா "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்"னு சொல்றது. அந்தக் கேரக்டரை எழுதினது யாரு சாமி?

இவ்ளோ பேசிட்டேன், இன்னொண்ணையும் கொட்டிடறேன், கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், ஆனா வயித்தெரிச்சல். ரூல் புக்கை இரவல் கேக்கறவங்க. சொந்தமா ஒண்ணு வாங்க மாட்டாங்க, "ஒரு வாரத்துல தந்துடறேன்"னு வாங்கிட்டுப் போவாங்க. என்னோட பிளேயர்ஸ் ஹேண்ட்புக் அப்படித்தான் போச்சு, எட்டு மாசம். கேட்டா பாதி படிச்சிருக்கேம்பார், அப்புறம் தங்கச்சிகிட்ட இருக்கும்பார், அப்புறம் நாம கேக்கறதே தப்புங்கற மாதிரி ஒரு பார்வை. ஒண்ணரை வருஷ கேம்பெயின்ல பாதி நாள் நான் அடுத்தவங்க புக்கை எட்டி எட்டிப் பார்த்து ஆடினவன். கடைசியா வந்துச்சு, முதுகு உடைஞ்சு, மந்திரம் இருக்கற பக்கமெல்லாம் மூலை மடிச்சு, ஃபைட்டர் பக்கத்துல பால்பாயின்ட் பேனால கிறுக்கி வேற. பென்சில்ல கிறுக்கினாக்கூட மன்னிச்சிருப்பேன்.

அந்த புக்குக்குள்ள நான் மடிச்சு வெச்சிருந்த ஏலாரியனோட பதினோரு பக்கம் மட்டும் திரும்பி வரல. போனா போகுது, செத்தவன் கதைதானேன்னு விட்டுட்டேன். போன மாசம் வேற குரூப்ல ஆடற ஒருத்தரைப் பார்த்தேன், பேச்சுவாக்குல அவங்க மேஜையில ஒரு விசார்ட் இருக்கான், நாடிழந்த இளவரசன், மோதிரத்துல தம்பி குரல் கேக்கும்னார். பேரு என்னன்னு கேட்டேன். ஏலாரியன். இப்ப ஒன்பதாவது லெவலாம். இருமுவானான்னு கேட்டேன், இல்லியே, கான்ஸ்டிட்யூஷன் 14 வெச்சிருக்காரேன்னார்.