பெரிய முடிவுகள் கடைசிக்குத் தள்ளப்படுவது ஏன்?

கேள்வி: ஓர் அறக்கட்டளையின் செயலாளராக அண்மையில் பொறுப்பேற்றேன். எங்கள் நிர்வாகக் குழுக் கூட்டம் மூன்று மணி நேரம் நீள்கிறது. ஆனால் அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தை எடுக்கும்போது பாதி உறுப்பினர்கள் புறப்பட்டுப் போயிருக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலை எப்படி அமைப்பது?

பதில்: முந்தைய கூட்டக் குறிப்பு, துணைக்குழு அறிக்கைகள், கடிதப் போக்குவரத்து என்று வழக்கமானவற்றை வரிசையாக முடித்துவிட்டு, முடிவெடுக்க வேண்டியதைக் கடைசியில் வைப்பது பல குழுக்களின் பழக்கம், உங்கள் குழுவிலும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் நார்த்கோட் பார்க்கின்சன் 1957-இல் ஒரு கற்பனைக் குழுவை விவரித்தார். அணு உலைக்கான பெருந்தொகையை அக்குழு இரண்டரை நிமிடத்தில் ஏற்றுக்கொள்கிறது. சைக்கிள் கொட்டகைக்கோ முக்கால் மணி நேரம் செலவிடுகிறது. எல்லோருக்கும் புரிகிற சிறிய செலவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள் என்பதே காரணம். நிரலின் வரிசையும் நேர ஒதுக்கீடும் இந்த இயல்பைத் தடுத்து நிறுத்த வேண்டும்.

ஆகவே, முந்தைய குறிப்பையும் விவாதம் தேவைப்படாத அறிக்கைகளையும் ஒரே தொகுப்பாக்கி, ஒரே தீர்மானத்தில் ஏற்கச் செய்யுங்கள். யாரேனும் ஓர் உறுப்பினர் கேட்டால் அந்தப் பொருளை மட்டும் தொகுப்பிலிருந்து எடுத்துத் தனியாக விவாதிக்கலாம். அதற்கு அடுத்ததாகவே வரவுசெலவுத் திட்டம் வரட்டும்.

பொருளை எழுதும் விதத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ‘வாகனம்’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால், ஓட்டுநரின் குறைகளில் தொடங்கி எரிபொருள் விலைவரை பேச்சு அலையும். ‘பழைய வாகனத்தை விற்றுவிட்டு வாடகை வாகனத்துக்கு மாறலாமா?’ என்று எழுதினால், எதற்கு விடை காண வேண்டும் என்பது வருகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அது முடிவுக்கா, கருத்தறியவா, தகவலுக்கா என்பதையும், அறிமுகப்படுத்துபவர் யார், எத்தனை நிமிடம் என்பதையும் குறித்துவிடுங்கள். முடிவுக்கானவை நான்கைந்துக்கு மேல் போனால், சிலவற்றை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பது நல்லது.

வரைவைத் தலைவருடன் அமர்ந்து இறுதி செய்து, கணக்கு விவரங்களுடன் ஒரு வாரம் முன்பாவது அனுப்புங்கள். உங்கள் விதிமுறை கூடுதல் அவகாசம் கேட்டால் அதையே பின்பற்ற வேண்டும். ‘தலைவரின் அனுமதியுடன் பிற பொருள்கள்’ என்ற கடைசி வரியை நீக்க வேண்டியதில்லை. ஆனால், முன்னறிவிப்பின்றி அங்கே எழுப்பப்படும் செலவுக் கோரிக்கைகளை அன்றே முடிவு செய்யாமல் அடுத்த நிரலில் சேர்க்குமாறு தலைவரிடம் இப்போதே பேசி வையுங்கள்.