முதுகெலும்பில் இருக்கும் புற்று எங்கிருந்து வந்தது?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. வில்லிவாக்கத்தில் எங்களோடு இருக்கிறார். நெடுநாள் பீடி பிடித்தவர். முதுகுவலி விடாமல் இருந்ததால் ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்பில் புற்று இருக்கலாம் என்றார்கள். ரத்தத்தில் பிஎஸ்ஏ 46. ஊசி மூலம் எலும்பில் சதை எடுத்ததில் 'பரவிய புற்று' என்று வந்தது. அதன்பிறகு ஐஎச்சி என்று இன்னொரு டெஸ்ட். அதற்குத் தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு. இப்போது 'என்கேஎக்ஸ் 3.1 பாசிட்டிவ், பிஎஸ்ஏ சில இடங்களில் மட்டும் பாசிட்டிவ், டிடிஎஃப்-1, சிகே7, சிகே20 நெகட்டிவ்' என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள். பிஎஸ்ஏ 46 என்று தெரிந்த பிறகும் இந்த டெஸ்ட் தேவைதானா? பிஎஸ்ஏ சில இடங்களில் மட்டும் என்றால் நோய் குறைவு என்று அர்த்தமா?
— வாசகி, சென்னை

பதில்: தேவைதான். உங்கள் அப்பா விஷயத்தில் கட்டாயம் தேவை.

பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி, தயாரிக்கும் புரதம். ரத்தத்தில் அது புற்றுநோயில் மட்டும் ஏறுவதில்லை. வயதானவர்களுக்கு வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கத்திலும், சிறுநீர்த் தொற்றிலும் ஏறும். புராஸ்டேட்டில் ஒரு பிரச்சினையும் நுரையீரலில் இன்னொரு புற்றும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். நெடுநாள் பீடி பிடித்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நுரையீரல் புற்றும் முதுகெலும்புக்குப் பரவக்கூடியது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல் மருந்து தொடங்கினால், இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்ததாக ஆகிவிடலாம்.

எலும்பிலிருந்து எடுத்த துணுக்கைச் சாதாரணச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் புற்றுச் செல்கள் தெரியும். சுரப்பியிலிருந்து வந்த புற்று என்பதுவரை பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் எந்தச் சுரப்பி? பரவிய இடத்தில் பல புற்றுகள் ஒரே ஜாடையில்தான் இருக்கும். அங்கேதான் ஐஎச்சி வருகிறது. மெழுகில் பதித்த துணுக்கை மைக்ரான் கணக்கில் மெல்லியதாகச் சீவி, ஒவ்வொரு சீவலிலும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை விடுவார்கள். அந்தப் புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பாகும், இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும்.

என்கேஎக்ஸ் 3.1 என்பது புராஸ்டேட் செல்லின் உட்கருவில் இருக்கும் புரதம். பாசிட்டிவ் என்றால், செல்லின் நடுவில் இருக்கும் அந்த உருண்டை பழுப்பாகத் தெரிந்திருக்கிறது. வேறு சில புற்றுகளிலும் இது அபூர்வமாகத் தெரியும் என்பதால்தான் ஒரே சாயத்தை நம்பி முடிவு சொல்வதில்லை. டிடிஎஃப்-1 பார்த்தது நுரையீரலுக்காக. அது நெகட்டிவ். சிகே7, சிகே20 என்ற இரண்டு புரதங்களும் சேர்ந்து நெகட்டிவ் ஆவது புராஸ்டேட் புற்றில் வழக்கமாகக் காண்பது. ரத்தத்தில் 46, எலும்பில் இந்தச் சாயங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், புராஸ்டேட்டிலிருந்து பரவியது என்பதற்கு மிக வலுவான ஆதாரம் இருக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ரத்த பிஎஸ்ஏ ஓர் அளவு, ஏறும் இறங்கும். சாயத்தில் வரும் பிஎஸ்ஏ அப்படியல்ல. அந்தச் செல் எந்த வீட்டுப் பிள்ளை என்பதற்கான அடையாளம் அது, நோய் எவ்வளவு என்பதைச் சொல்லாது. சில இடங்களில் மட்டும் பிடித்ததை நோய் குறைவு என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். தீவிரமான புராஸ்டேட் புற்று, பிஎஸ்ஏ தயாரிப்பதைக் குறைத்துவிடுவது உண்டு. இன்னொரு காரணமும் இருக்கலாம். எலும்பை அப்படியே சீவ முடியாது, சுண்ணாம்புச் சத்தை நீக்கி மிருதுவாக்க வேண்டும். கடும் அமிலத்தில் நீக்கினால் புரதங்கள் சிதைந்து சாயம் சரியாகப் பிடிக்காது. இடிடிஏ என்ற திரவம் பதமானது, ஆனால் நாளாகும். எலும்பு ரிப்போர்ட் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம். காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த நாட்கள் எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். அவசரப்பட்டுக் கெடுத்த துணுக்கால் மறுபடி ஊசி போட நேர்வது அதைவிடக் கொடுமை.

சரி, இதனால் என்ன லாபம்? சிகிச்சையின் பாதையே மாறுகிறது. புராஸ்டேட் புற்று ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. ஹார்மோனை நிறுத்தும் ஊசி அல்லது விதைப்பையில் செய்யும் சிறிய அறுவை சிகிச்சை, கூடவே மாத்திரைகள் என்று, எலும்புக்குப் பரவிய நிலையிலும் பலரை வலி குறைந்து நடமாட வைக்க முடிகிறது. நுரையீரல் புற்றுக்கு இந்த மருந்துகள் உதவாது.

மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ அரசு பொது மருத்துவமனைக்கோ இரண்டாவது கருத்துக்குப் போனால் முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள். பரவிய நோய் என்பதால், பிஆர்சிஏ என்ற மரபணுவில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை பற்றியும் டாக்டரிடம் பேசுங்கள். அமிலத்தில் ஊறிய எலும்பு அதற்கு உதவாமல் போகலாம், அப்போது ரத்தத்தில் பார்க்கலாம். பரம்பரையாக வந்த கோளாறு என்று தெரிந்தால், மகளான உங்களுக்கும் மார்பகம், சினைப்பை பற்றிய கவனம் தேவைப்படும்.

அப்புறம், இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். அப்பாவுக்குக் கால் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, முதுகெலும்புக் கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்று அர்த்தமாகலாம். மறுநாள் ஓபி வரை காத்திருக்காமல், இரவானாலும் 108-ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.